50 பிரதி கேசட்: கேட்பதற்கா, சேர்த்துவைப்பதற்கா?

தேய்ந்தஊசி:
நாய்ஸ் (இரைச்சலையே இசையாக்குவது), ட்ரோன் (ஒரே சுரத்தை நீட்டி இசைப்பது), இண்டஸ்ட்ரியல் (இயந்திர ஒலி சார்ந்த இசை) என்று புதிதாக எது வந்தாலும் 50 கேசட்தான். கையால் எண் எழுதி விடுகிறார்கள், ஒரே இரவில் தீர்ந்துபோகிறது. அப்புறம் மறுவிற்பனையில் பல மடங்கு விலை. பெரிய நிறுவனங்களின் சந்தையை வேண்டாமென்று ஒதுக்கி வளர்ந்த இசை இது. இதிலும் வேண்டுமென்றே தட்டுப்பாட்டை உண்டாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

நாடாச்சுருள்:
வேண்டுமென்றே என்று எப்படிச் சொல்கிறீர்கள்? 1977இல் த்ராபிங் க்ரிசில் என்ற இண்டஸ்ட்ரியல் குழு தங்கள் முதல் எல்பியை (இசைத்தட்டை) சொந்த லேபிளில், அதாவது சொந்த வெளியீட்டு நிறுவனத்தில், வெளியிட்டபோது முதல் பதிப்பு 785 பிரதிதான். சிறு லேபிள் நடத்துகிறவர் கைக்காசைப் போடுகிறார். இந்த 50 விற்றால்தான் அவரால் அடுத்ததை யோசிக்கவே முடியும்.

தேய்ந்தஊசி:
அந்த எல்பி பிறகு பலமுறை மறுபதிப்பானது, அதனால்தான் இன்று நீங்களும் நானும் கேட்கிறோம். இப்போது வரும் சில கேசட்டுகளுக்கு டிஜிட்டல் பதிப்பே கிடையாது. என் சண்டை அதோடுதான்.

நாடாச்சுருள்:
டிஜிட்டலில் என்ன கிடைக்கிறது? 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், 12 மாதத்தில் 1000 முறை கேட்கப்படாத பதிவுக்கு ஒரு காசும் இல்லை. இருபது நிமிட ட்ரோனை முழுதாகக் கேட்டாலும், மூன்று நிமிடப் பாப் பாட்டைக் கேட்டாலும் ஒரே எண்ணிக்கைதான். நம் இசைக்கு அந்தக் கணக்கு ஒத்தே வராது.

தேய்ந்தஊசி:
ஸ்பாட்டிஃபையை யார் கேட்டார்கள்? கலைஞர்களே நேரடியாக இசையை விற்கும் பேண்ட்கேம்ப் தளம் இருக்கிறதே. டிஜிட்டல் விற்பனையில் 15% எடுத்துக்கொள்கிறது, 2020இல் தொடங்கிய ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ என்ற சிறப்பு விற்பனை நாட்களில் அதையும் விட்டுக்கொடுக்கிறது. அங்கே ஒலிக்கோப்பைப் போடுவதால் கேசட் விற்பனை குறைந்துவிடாது.

ஹிஸ்:
இவ்வளவு பேசியும் ஒலியைப் பற்றி ஒரு வரி வரவில்லை. ஹார்ஷ் நாய்ஸுக்கு, அதாவது காதைக் கிழிக்கும் நாய்ஸுக்கு, கேசட் அருமையான இடம். அளவுக்கு மீறி ஏற்றிப் பதிந்தால் நாடாவால் தாங்க முடியாமல் உச்சங்கள் மழுங்கி, ஒலி தடித்துப்போகும். அந்தத் தடிப்புதான் பலருக்கு வேண்டும். ஆனால் மௌனத்தை ஒட்டியே நடக்கும் எலக்ட்ரோஅகூஸ்டிக் வேலையை (பதிந்த ஒலிகளை மின்னணு முறையில் மாற்றிச் செய்யும் இசையை) ஏன் கேசட்டில் போடுகிறார்கள்? பாதி விவரம் நாடாவின் இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. நீளமும் அப்படித்தான். ஆட்டெக்கர் என்ற மின்னணு இசை இரட்டையர் 2018இல் வெளியிட்ட என்டிஎஸ் செஷன்ஸ் ஆல்பம் எட்டு மணி நேரம், எல்பியில் 12 தட்டு. வானொலிக்காகச் செய்த அந்த இசையை நான் கோப்பாகத்தான் கேட்பேன், தட்டைப் புரட்டிப் புரட்டிக் கேட்க மாட்டேன்.

நாடாச்சுருள்:
அது நியாயம். ஆனாலும் இந்த ஒலி நாடாவில் மட்டுமே இருக்கட்டும் என்று கலைஞரே முடிவெடுத்தால், அதை மறுக்க நாம் யார்?

தேய்ந்தஊசி:
அந்த முடிவை மதிக்கிறேன். எண்ணிக்கையையாவது கேட்பவர்களிடம் விடலாமே? ஐன்ஸ்டுர்ட்செண்ட நொய்பவுட்டன் என்ற ஜெர்மன் இண்டஸ்ட்ரியல் குழுவினர் 2002 முதலே லேபிளை நம்பாமல், ரசிகர்களிடம் முன்பணம் வாங்கி ஆல்பம் செய்தார்கள். முன்பதிவைத் திறந்து வையுங்கள், கேட்டவர்களுக்கெல்லாம் பிரதி எடுங்கள்.

நாடாச்சுருள்:
வீட்டில் ஒரே டெக்கில் (கேசட் பதிவுக் கருவியில்) பதிகிறவருக்கு 60 நிமிடக் கேசட் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் போகும். 50 பிரதி என்றால் 50 மணி நேரம். 300 பேர் முன்பதிவு செய்தால் யார் உட்கார்ந்து பதிவது?

தேய்ந்தஊசி:
50 பேருக்குக் கேசட் போகட்டும். மீதி 250 பேருக்குக் கோப்பு கொடுக்கச் சொல்லுங்கள்.