விஞ்சில் ஏறியவரின் 2,600 மீட்டர்

பட்டறைக்காரன்
நேற்றிரவு மலைத்தேனீ என்னும் அன்பர் இங்கே எழுதிய ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. பிரான்சில் ஆல்ப் துவெஸ் என்ற ஊருக்கு மேலே 3,330 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிக் பிளான் உச்சியிலிருந்து, ஏறத்தாழ 720 மீட்டர் உயரத்தில் இருக்கும் அல்மோன் என்ற ஊர் வரை, ஒரே காலையில் மலைச்சைக்கிளில் இறங்கினாராம். "2,600 மீட்டர் பார்த்துவிட்டு வந்தவனுக்கு நம் கோத்தகிரிச் சாலை வெறும் மேட்டுத்தெரு" என்று முடித்திருக்கிறார். கழித்துப் பார்த்தேன், கணக்கில் குறையில்லை. ஆனால் அந்த 3,330 மீட்டருக்கு அவர் எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பது மட்டும் பதிவில் எங்குமே இல்லை. அவர் மறந்ததை நான் நினைவுபடுத்துகிறேன்: கேபிள் காரில் போனார், சைக்கிளும் அவரோடு கேபிள் காரில்தான் போனது. பழனியில் விஞ்சில் ஏறிவிட்டுப் படி வழியாக இறங்கி வருகிற எவரும், ஊர் திரும்பிக் காவடி எடுத்ததாகச் சொல்லிக்கொள்வதில்லை.

மலைத்தேனீ
பட்டறை அண்ணா, நான் கேபிள் காரில் போனதை மறைக்கவில்லை. அங்கே எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள் என்பதால் எழுதவில்லை. அந்த வழியில் 1995 முதல் மெகாவலாஞ்ச் என்னும் பந்தயம் நடக்கிறது. நூற்றுக்கணக்கானோர் பனியாற்றின் மேல் வரிசையாக நின்று, ஒரே நேரத்தில் புறப்பட்டு, முதலில் பனியிலும் பிறகு உடைகல்லிலும் கடைசியில் காட்டு மண்ணிலும் இறங்குகிறார்கள். அதில் ஓடுகிறவர்களும் கேபிள் காரில்தான் உச்சிக்குப் போகிறார்கள். குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்காரர்களைச் சுமக்கும் அதே கம்பிகள் கோடையில் சைக்கிளைச் சுமக்கின்றன. பிரான்சும் சுவிட்சர்லாந்தும் சந்திக்கும் போர்த் து சொலெய் பகுதியில் பன்னிரண்டு ஊர்கள் இப்படிக் கம்பிகளால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. காலையில் ஒரு நாட்டில் இறங்கி, மதியம் இன்னொரு நாட்டில் இறங்கலாம். அங்கே இறக்கம்தான் ஆட்டம். அந்தப் பகுதியைச் சேர்ந்த ஷாம்பெரியில் 2011 மலைச்சைக்கிள் உலகப் போட்டியின்போது, மழையில் சேறாகிப்போன செங்குத்துப் பாதையில் டேனி ஹார்ட் 11 விநாடிகளுக்கு மேலான இடைவெளியில் வென்றார். விநாடியின் பின்னத்தில் முடிவாகும் ஆட்டத்தில் அது எத்தகைய இடைவெளி என்பதைத் தாங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். அவரிடம் போய் விஞ்சில் ஏறினாயா என்று கேட்பீர்களா?

பட்டறைக்காரன்
அவர் கோத்தகிரிச் சாலையை மேட்டுத்தெரு என்று சொல்லவில்லையே, தம்பி. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன்.

கொல்லிமலைச்சாரல்
இருவருமே கோத்தகிரியைப் பிடித்துக்கொண்டு தொங்குவது வேடிக்கையாக இருக்கிறது. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஆல்ப் துவெஸ் ஊருக்கு ஏறும் பெயர்பெற்ற சாலையில் இருப்பவை 21. நாமக்கல் மாவட்டத்தைக் கணக்கில் எடுக்காமல் மலை பேசுவது கோயமுத்தூர்க்காரர்களின் பழைய வழக்கம்.

பட்டறைக்காரன்
நாமக்கல் நண்பர் வளைவுகளை எண்ணப் போய் எனக்கு ஒரு சாட்சியைக் கொடுத்துவிட்டார். ஆல்ப் துவெஸ் என்றால் சைக்கிள் உலகம் முழுவதும் தெரிந்த பெயர், ஆனால் இறக்கத்தினால் அல்ல. 1952 இல் முதன்முதலாக டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் அந்த ஊருக்கு ஏறியது. அன்று வென்றவர் இத்தாலியின் ஃபௌஸ்டோ கோப்பி. 13.8 கிலோமீட்டர் தொலைவு, சராசரி 8.1 சதவீத ஏற்றம், 21 வளைவுகள். அந்தச் சாலையில் ஒருமுறை மிதித்து ஏற வேண்டும் என்று நினைத்தே வாழ்நாளைக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊருக்கே போன நம் அன்பர், அந்தச் சாலையை விட்டுவிட்டுக் கேபிள் காரில் ஏறியிருக்கிறார். பேரூருக்குப் போய்ப் பட்டீசுவரரைப் பார்க்காமல் சுண்டல் மட்டும் வாங்கி வந்த கதைதான்.

மலைத்தேனீ
தாங்களே எண்களைக் கொண்டுவந்ததற்கு நன்றி. மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 330 மீட்டர், கோத்தகிரி ஏறத்தாழ 1,790 மீட்டர், நடுவே 33 கிலோமீட்டர் சாலை. வகுத்துப் பார்த்தால் சராசரி நாலரை சதவீதம்கூட வராது. தாங்கள் புகழ்கிற அந்தப் பிரெஞ்சுச் சாலையில் பாதிக்குச் சற்று மேல். மேட்டுத்தெரு என்ற சொல்லை நான் திரும்பப் பெறுவதாக இல்லை. அதோடு, போன தை மாதம் நாம் அறுவர் சேர்ந்து புறப்பட்டபோது, அந்த நாலரை சதவீதத்தில் குஞ்சப்பனை வரை வந்து, தேநீர் குடித்துவிட்டு, "பட்டறையில் ஆள் காத்திருக்கிறான்" என்று சொல்லித் திரும்பிப் போனவர் யார் என்பதை மற்ற ஐவரும் அறிவார்கள்.

பட்டறைக்காரன்
குஞ்சப்பனை வரை நான் மிதித்துப் போனேன். கேபிள் காரில் போகவில்லை. அன்று உங்கள் பின்சக்கரம் பஞ்சர் ஆனபோது என் கைப்பம்பைக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினேன். அந்தப் பம்பு இன்னும் என் வீட்டுக்கு வந்து சேரவில்லை என்பதையும் மற்ற ஐவரும் அறிவார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் நாற்பது ஆண்டுகளாக லேத்தும் மோட்டாரும் பார்க்கிறவன், ஆகையால் எனக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறேன். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை 2,600 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 2,300 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். அது எவ்வளவு என்று வீட்டில் கேட்டால், சிறுவாணித் தண்ணீர் ஏழு லிட்டரைக் கொதிக்க வைக்கலாம் என்று சொல்லுங்கள். அந்த ஏழு லிட்டரைக் கொதிக்க வைத்தது யார்? உங்கள் தொடை அல்ல, கேபிள் கார் நிலையத்தில் ஓடும் மின்மோட்டார். இறங்கும்போது நீங்கள் செய்ததெல்லாம், அந்த மோட்டார் சேர்த்துக் கொடுத்த சொத்தைப் பிரேக் கட்டையில் தேய்த்துக் காற்றில் விட்டதுதான். பிறர் சம்பாதித்ததைச் செலவழித்தவருக்கு இத்தனை மிடுக்கு ஆகாது.

மலைத்தேனீ
அந்தச் செலவைச் செய்வதில்தான் வித்தை இருக்கிறது என்பதைப் பட்டறை வைத்திருப்பவருக்கே விளக்க வேண்டியிருக்கிறது. அத்தனை வெப்பத்தையும் உள்ளங்கை அகலப் பிரேக் தகடுகள் இரண்டு தாங்க வேண்டும். பயந்துகொண்டு பிரேக்கை விடாமல் பிடித்தபடியே இறங்கினால் தகடு நீலம் பாரிக்கும், கட்டை பளபளத்துப் பிடிப்பை இழக்கும், எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டால் பிடியை அழுத்த அழுத்த அது கைப்பிடியைத் தொடும், சைக்கிளோ நிற்காது. ஆகையால் வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிட்டு, தகட்டுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்க வேண்டும். அதுவும் ஈரவேர் மேலும் உருள்கல் மேலும், ஆள் நடக்கவே தயங்கும் சரிவில். தார்ச்சாலையில் குஞ்சப்பனை வரை போனவருக்கு இந்தக் கை எங்கிருந்து வரும்?

இட்டேரி
குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு நீள விவாதத்தில் ஒருவர் "வழி" என்கிறார், ஒருவர் "பாதை" என்கிறார், ஒருவர் தார்ச்சாலையையே அதற்குள் சேர்த்துவிடுகிறார். ஒரு சக்கரம் மட்டுமே போகக்கூடிய அந்த ஒடுங்கிய மண்வழிக்கு நம் நாட்டில் கொடித்தடம் என்ற அருமையான சொல் இருக்கிறது. ஆல்ப்ஸில் இருப்பவை கொடித்தடங்கள்; கோத்தகிரிக்குப் போவது சாலை. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பதே பிழை என்று எனக்குத் தோன்றுகிறது.

கொல்லிமலைச்சாரல்
இட்டேரி என்று பெயர் வைத்துக்கொண்டு கொடித்தடம் என்று எழுதுகிறீர்கள். இட்டேரியில் மாட்டுவண்டியே போகுமே. பிறகு எதற்கு இந்தப் பெயர்?

இட்டேரி
என் பெயரைப் பற்றி நான் பேசவில்லை. கிளுவை வேலிக்கு நடுவே இருக்கிற என் ஊர் இட்டேரியைப் பார்த்திராதவர்கள் அதன் அகலத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

பட்டறைக்காரன்
கொடித்தடமோ இட்டேரியோ, தடத்தின் உச்சிக்கு எதில் போனார் என்பதுதான் கேள்வி. கேபிள் காரில் போனார்.

கல்லாறுவாசி
பட்டறை அண்ணா, மலைத்தேனீ அண்ணா, நீங்கள் இருவரும் ஏறியும் இறங்கியும் களைத்திருப்பீர்கள், ஆகையால் கொஞ்சம் கீழே பாருங்கள். நேற்றைய பதிவின் கடைசியில் "இதே போன்ற தடங்களை நீலகிரிச் சரிவில் வெட்டினால் என்ன" என்று மலைத்தேனீ கேட்டிருந்ததை யாரும் தொடவே இல்லை. அந்தச் சரிவின் அடியில் கல்லாறு–ஜக்கனாரி யானை வழித்தடம் இருக்கிறது. சத்தமில்லாமல் வேகமாக இறங்கும் சைக்கிளும், வளைவுக்கு அப்பால் குட்டியோடு நிற்கும் யானையும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு மெகாவலாஞ்ச் விதிகளில் விடை இருக்காது. ஆல்ப்ஸில் எல்லாம் திறந்து கிடக்கிறது என்ற எண்ணமும் தவறு. ஆஸ்திரியாவின் 1975 வனச் சட்டப்படி காட்டுக்குள் யாரும் நடந்து போகலாம். சைக்கிளில் போக உரியவரின் இசைவு வேண்டும். பிரான்சின் ஷாமொனியில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், நடப்பவர் கூட்டம் மிகுவதால், பல தடங்களில் சைக்கிளுக்குத் தடை. இங்கே 2024 அக்டோபரில் அரசு மலையேற்றத் திட்டத்தில் 40 வழிகளைத் திறந்ததும் முன்பதிவோடும் வழிகாட்டியோடும் நடப்பதற்குத்தான்.

இன்னொன்றும் உண்டு. மலைச்சைக்கிள் தடம் வெட்டுகிறவர்களிடையே ஒரு பாதி விதி இருக்கிறது: தடத்தின் சாய்வு, அது போகும் மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மழைநீர் தடத்தைக் குறுக்கே கடக்காமல், தடத்தையே வாய்க்காலாக்கிக்கொண்டு இறங்கும். ஐப்பசி மழையில் சாலையே சரிந்து விழுகிற சரிவில், இந்தத் தடங்களை ஆண்டுதோறும் யார் மண்வெட்டியோடு போய்ச் சரிசெய்வார்கள்?

பட்டறைக்காரன்
நல்ல கேள்விகள், அம்மணி. யானைக்கும் கேபிள் கார் வைத்துவிட்டால் தீர்ந்தது.

கல்லாறுவாசி
அம்மணி என்று தலையைத் தடவிவிட்டு நகைச்சுவைக்குப் போகாமல் பதில் சொல்லுங்கள், அண்ணா. எங்கள் பாக்குத் தோப்பில் போன வாரம் யானை வந்து போனது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மலைத்தேனீ
நான் யானை வழித்தடத்தில் வெட்டச் சொல்லவில்லை, யோசனையாகத்தான் கேட்டேன். தேயிலைத் தோட்டங்களுக்குள் ஏற்கெனவே இருக்கும் மண்வழிகளை, உரியவர் இசைந்தால், பயன்படுத்தலாமே என்பதுதான் என் எண்ணம். சுவிட்சர்லாந்தில் 2018 இல் மக்கள் வாக்களித்துச் சைக்கிள் வழிகளை அரசமைப்புச் சட்டத்திலேயே ஏற்றினார்கள். 2023 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டத்தில் மலைச்சைக்கிள் வழிகளும் அடங்கும். பேசினால்தானே இங்கும் எதுவும் நடக்கும்? இங்கே பேசப்படுவதோ கேபிள் கார் ஒன்றுதான்.

பட்டறைக்காரன்
அரசமைப்புச் சட்டம் வரை ஏறிவிட்டார். அங்கும் மிதித்து ஏறியதாகத் தெரியவில்லை. நான் ஆரம்பத்திலிருந்து ஒன்றைத்தான் கேட்கிறேன். தொட்டபெட்டா 2,637 மீட்டர். அங்கிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கினால் எங்களுக்கும் 2,300 மீட்டர் கிடைக்கும். உங்களைவிட 300 குறைவுதான். ஆனால் நாங்கள் அதை மிதித்து ஏறிவிட்டு இறங்குவோம்.

கொல்லிமலைச்சாரல்
"நாங்கள்" என்றால் குஞ்சப்பனை வரை சென்றவர்களுமா?

மலைத்தேனீ
தொட்டபெட்டாவுக்குத் தாங்கள் மிதித்து ஏறும் நாளைக் குறித்துச் சொல்லுங்கள், அண்ணா. நானும் வருகிறேன், தேநீருக்கும் நானே காசு கொடுக்கிறேன்.

பட்டறைக்காரன்
கார்த்திகை முடியட்டும், மழை விடட்டும், பட்டறையில் ஆர்டர் குறையட்டும், நாள் குறிக்கிறேன். வரும்போது பம்பைக் கொண்டுவாருங்கள். அதுவரை, 3,330 மீட்டருக்குக் கேபிள் காரில் போனேன் என்று நேற்றைய பதிவில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

மலைத்தேனீ
சேர்ப்பதாக இல்லை.

இட்டேரி
சேர்த்தாலும் "கொடித்தடம்" என்றே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.