மைக்ரோபிட் கணினியில் தெரியவில்லை, சனிக்கிழமை ஆசிரியர் பயிற்சி இருக்கிறது. உதவுங்கள்

அறிவியல் டீச்சர்:
வணக்கம். நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். சனிக்கிழமை எங்கள் ஒன்றியத்து ஆசிரியர்கள் பதினைந்து பேருக்கு மைக்ரோபிட் (நிரல் எழுதி ஏற்றினால் அதன்படி இயங்கும் சின்னக் கணினி போர்டு) அறிமுகம் செய்ய வேண்டும். பாதிப் பேர் கோடிங் பக்கமே வராதவர்கள். கையில் பத்து போர்டு. மூன்றில் விளக்கு எரிகிறது, கணினியில் டிரைவ் வரவில்லை. ஒன்றில் 'மைக்ரோபிட்' என்று வரவேண்டிய டிரைவ் 'மெயின்டனன்ஸ்' என்று வருகிறது. இன்னொன்றில் சோகமுகம் வந்து 927 என்று ஓடுகிறது. கைதட்டினால் இதயம் காட்டும் நிரல்தான், மற்ற போர்டுகளில் நன்றாகவே ஓடியது. போர்டுகள் போய்விட்டனவா?

கணக்கு வாத்தியார்:
போகவில்லை டீச்சர். முதல் மூன்றுக்கும் கேபிளை மாற்றுங்கள். பழைய போன் சார்ஜர் கேபிள்தானே? சிலவற்றில் மின்சாரம் மட்டும் போகும், டேட்டா போகாது. அதனால்தான் விளக்கு எரிந்தும் டிரைவ் வரவில்லை. நான் ஒரு தடவை இது தெரியாமல் நல்ல போர்டுகளைத் திருப்பி அனுப்பப் பார்த்தேன்!

மெயின்டனன்ஸ் வந்தால், கேபிள் செருகும்போது பின்பக்க ரீசெட் பொத்தானை விரல் அழுத்தியிருக்கும். கழற்றி, பொத்தானைத் தொடாமல் திரும்பச் செருகுங்கள். அந்த நிலையில் உங்கள் நிரல் ஏறாது. அது போர்டின் உள் மென்பொருளைப் புதுப்பிக்கும் வழி.

சாலிடர் பிரியன்:
927 வந்தது பழைய வி1 (முதல் பதிப்பு) போர்டு. கைதட்டலைக் கேட்க மைக் வேண்டும். மைக், ஸ்பீக்கர், தொட்டால் வேலை செய்யும் லோகோ எல்லாம் 2020-இல் வந்த வி2-இல்தான். லோகோ தங்க நிறத்தில் இருந்தால் வி2. வி1-க்குக் குலுக்கினால் இதயம் என்று மாற்றிக் கொடுங்கள், அசைவை உணரும் முடுக்கமானி இரண்டிலும் உண்டு.

அறிவியல் டீச்சர்:
நன்றி சார். வேறு கேபிள் போட்டதும் இரண்டு வந்துவிட்டன. மூன்றாவது இன்னும் வரவில்லை. பயிற்சி அறையில் நெட் வேறு நம்ப முடியாது.

கணக்கு வாத்தியார்:
மூன்றாவதை வேறு யுஎஸ்பி துளையில், முடிந்தால் வேறு கணினியில் செருகிப் பாருங்கள். நெட்டுக்கு: நிரல் எழுதும் மேக்கோடு இணையப் பக்கத்தை ஒவ்வொரு கணினியிலும் குரோமில் முன்கூட்டியே ஒருமுறை திறந்து வையுங்கள். அப்புறம் நெட் இல்லாமலும் ஓடும். வெள்ளிக்கிழமையே வைஃபையை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

இன்னொன்று. ஸ்லைடு காட்டி ஆரம்பிக்காதீர்கள். வந்து உட்கார்ந்ததும் போர்டைக் கையில் கொடுத்து, 25 எல்இடியில் அவரவர் பெயரை ஓட விடச் சொல்லுங்கள். பெயர் ஆங்கிலத்தில்தான் ஓடும், தமிழ் எழுத்து வராது. அதைக் கட்டாயம் யாராவது கேட்பார்கள்.

அறிவியல் டீச்சர்:
வேறு கணினியில் வந்துவிட்டது சார்! எங்கள் லேப்பில் அந்தத் துளைதான் கோளாறு. சார்ஜர் கேபிள்களுக்குச் சிவப்பு டேப் ஒட்டிவிட்டேன்.