ஈறில் இரத்தம் வரும்போது பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடுமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 58. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். சென்ற வாரம் அவர் கடித்து வைத்த கொய்யாத் துண்டில் இரத்தக் கறையைப் பார்த்து விசாரித்தபோதுதான், பல மாதங்களாகவே ஈறு கசிகிறது என்று தெரிந்தது. இரத்தம் வரும் பக்கத்தில் பிரஷ் படக்கூடாது என்று அங்கே தேய்ப்பதையே விட்டுவிட்டு, உப்பும் கரியும் தொட்டு விரலால் தேய்த்துக்கொள்கிறார். ஸ்கேலிங் (பல்லில் இறுகிப் படிந்த காரையைக் கருவியால் அகற்றுவது) செய்ய வேண்டும் என்று பல் மருத்துவர் சொல்லியும், "காரையை எடுத்தால் இருக்கிற பல்லும் ஆடிப்போகும், உன் பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆனது" என்று மறுக்கிறார். இது உண்மையா? வலியே இல்லாதபோது அவசரம் தேவையா?

மறுமொழி 1:
பல் மருத்துவராக எழுதுகிறேன். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காமலேயே பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைத்துவிடும் என்பதால், வலி இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம். பல்லில் படியும் கிருமிப் படலத்தை அன்றாடம் அகற்றாவிட்டால், உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து ஏறி அது காரையாக இறுகிவிடும். அதன் பிறகு பிரஷாலோ உப்பாலோ அதைப் பெயர்க்க முடியாது. கரி பல்லைத் தேய்க்குமே தவிர ஈறின் ஓரத்தைச் சுத்தம் செய்யாது.

1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஈறு நோய் ஆய்வாளர் ஹரால்ட் லோ குழுவினர், ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழன்றது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் சரியானது. ஆகவே இரத்தம் வரும் இடத்தைத்தான் மென்மையான பிரஷால், ஈறின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்து, பொறுமையாகத் துலக்க வேண்டும்.

உங்கள் பெரியம்மாவுக்கு எலும்பு முன்பே கரைந்திருக்கும். காரையே பற்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருந்ததால், அது நீங்கியதும் மறைந்திருந்த ஆட்டம் வெளிப்பட்டிருக்க வேண்டும். சுத்தம் செய்வது பல்லை ஆட்டுவதில்லை. அம்மாவுக்கு ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான பள்ளத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்: 3 மில்லிமீட்டர் வரை இயல்பு, அதற்கு மேல் இருந்தால் வேர்ப்பகுதியையும் சுத்தம் செய்ய நேரிடலாம். சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு ஆறாது, ஈறு சீழ்பிடித்தால் சர்க்கரையும் கட்டுப்படாது. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறாரென்றால் அதையும் தெரிவியுங்கள். சிலருக்கு அதனால் ஈறு தடிக்கும்.

மறுமொழி 2:
நானும் சர்க்கரை நோயாளிதான். அப்போது புகையும் பிடித்துக்கொண்டிருந்தேன். நிகோடின் ஈறின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் இரத்தமே வராமல் நோய் ஒளிந்திருந்தது. ஸ்கேலிங்கின்போது கீழ்முன் பற்களின் உட்பக்கத்திலிருந்து பாதிப் பயற்றம்பருப்பு அளவில் ஒரு பழுப்புத் துண்டு பெயர்ந்து விழுந்ததை இன்றும் மறக்கவில்லை. ஈறு வீக்கம் வடிந்ததால் பற்களுக்கிடையே சந்து தெரிந்தது, தண்ணீர் பட்டால் சில நாட்கள் கூசியது. அம்மா அதைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன். குளோர்ஹெக்ஸிடின் வாய் கொப்பளிப்பானை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மேல் தொடராதீர்கள், பல் பழுப்பேறும். அந்தச் சந்துகளுக்கென்றே விற்கும் சிறு பிரஷை இரவில் பயன்படுத்துவதுதான் எனக்குப் பெரிதும் உதவியது.

மறுமொழி 3:
இலங்கை மலையகத்திலிருந்து எழுதுகிறேன். மேலே குறிப்பிடப்பட்ட அதே ஹரால்ட் லோ, 1970 முதல் 1985 வரை எங்கள் நாட்டின் தேயிலைத் தோட்டங்களில், பல் துலக்கும் வழக்கமோ சிகிச்சையோ இல்லாத 480 ஆண் தொழிலாளர்களைத் தொடர்ந்து கவனித்தார். அவர்களில் 8 சதவீதத்தினருக்கு நோய் மிக விரைவாக முற்றியது, 81 சதவீதத்தினருக்கு மிதமாக முற்றியது, 11 சதவீதத்தினருக்கு ஈறு அழற்சிக்கு மேல் போகவே இல்லை. என் தந்தையும் அக்காலத்தில் தோட்டத்தில் உழைத்தவர், நாற்பது வயதுக்குள் கடைவாய்ப் பற்களை இழந்தவர். ஆகையால் பெரியம்மாவுக்கு ஆனதை வைத்தோ, வேப்பங்குச்சியோடு எண்பது வயதைக் கடந்த யாரோ ஒரு தாத்தாவை வைத்தோ அம்மாவின் ஈறைக் கணிக்க முடியாது. அவரது வாயில் எடுக்கும் அளவைத்தான் நம்ப வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. காரைதான் பல்லைப் பிணைத்திருக்கும் என்ற விளக்கத்தை வாசித்துக் காட்டியதும் அம்மா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார். மாத்திரைச் சீட்டையும் கடைசி சர்க்கரைப் பரிசோதனை முடிவையும் எடுத்துச் செல்கிறேன். அவர் அம்லோடிபின் சாப்பிடுகிறார்.