உலாவியில் திறந்து அச்சிட்டபோது அளவு மாறிப்போன அனுபவங்கள்: மும்பை உறுப்பினர்கள் எழுதுகிறார்கள்

தாராவி தையற்கடை:

ரவிக்கை பேட்டர்ன்கள், அதாவது துணி வெட்டுவதற்கான அளவு வரைபடங்கள், இப்போது பிடிஎஃப் கோப்பாகவே விற்கப்படுகின்றன என்பது இங்கிருக்கும் தையற்காரர்களுக்குத் தெரியும். 36 அங்குல மார்பளவுக்கான கோப்பு ஒன்றைத் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினேன். கடைப் பையன் அதைக் குரோம் உலாவியிலேயே திறந்து அச்சிட்டுக் கொடுத்தான். ஏ4 தாள்களை ஒட்டியபோது கோடுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தியதால் யாருக்கும் ஐயம் எழவில்லை. தைத்து முடித்த ரவிக்கையை வாடிக்கையாளர் அணிந்து பார்த்தபோது கொக்கிப் பட்டிகள் இரண்டும் ஒன்றையொன்று எட்டவே இல்லை. அந்த அம்மாள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. மகள் கல்யாணத்துக்கென்று எடுத்த பட்டு அது. பிறகு முதல் தாளின் மூலையில் 10 செ.மீ. என்று குறித்திருந்த சோதனைச் சதுரத்தின்மேல் அளவுகோலை வைத்தேன். 9.6 செ.மீ. இருந்தது. நூற்றுக்கு நான்கு குறைந்தால் 36 அங்குலம் ஏறத்தாழ 34½ ஆகிவிடுகிறது. அச்சிடக்கூடிய பரப்புக்குள் அடங்கும்படி பக்கத்தைச் சுருக்கும் 'ஃபிட் டு பிரிண்டபிள் ஏரியா' என்ற குரோம் அமைப்பின் வேலை இது. எந்தக் கோப்பாக இருந்தாலும் 100 விழுக்காட்டில்தான் அச்சிட வேண்டும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

செம்பூர் பொடிக்கடை:

எங்களுக்குப் பார்கோடில் வந்தது வினை. வீட்டில் அரைக்கும் சாம்பார்ப் பொடியும் பருப்புப் பொடியும் இணையத்தில் விற்கிறோம். விற்பனைத் தளம் தரும் லேபிள் 4×6 அங்குலம். அதை வெப்பத்தால் அச்சிடும் தெர்மல் பிரிண்டரில் அச்சிட்டு ஒட்டுவோம். தீபாவளி நெருக்கத்தில் ஒரு மாலை, பார்சல் எடுக்க வந்த தம்பி ஸ்கேனரை லேபிளுக்கு நேராகப் பிடித்தும், சாய்த்தும், கிட்டக் கொண்டுபோயும் பார்த்தார், சத்தமே வரவில்லை. ஓரிரண்டு பார்சல்களுக்கு எண்ணைக் கையால் தட்டி ஏற்றிக்கொண்டு, மற்றவற்றை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கண்ணுக்கு அந்த லேபிளில் ஒரு குறையும் தெரியவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோதுதான் ஒரே தடிமனில் இருக்க வேண்டிய கோடுகள் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இருந்தது புலப்பட்டது. எங்கள் பிரிண்டர் 203 டிபிஐ. அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள். மூன்று புள்ளி அகலக் கோட்டை 96 விழுக்காடாகச் சுருக்கினால் 2.88 புள்ளி வரும். அரைப்புள்ளி கால்புள்ளி வைக்க அந்த இயந்திரத்தால் இயலாது என்பதால் சில கோடுகளுக்கு மூன்றும் சிலவற்றுக்கு இரண்டுமாக வைத்துவிடுகிறது. பெரிதாக்கினாலும் இதே கோளாறுதான் வரும். பிரிண்டர் அமைப்பில் தாளின் அளவை 4×6 என்று மாற்றி, குரோமின் ஸ்கேல் பகுதியில் 'கஸ்டம்' எடுத்து 100 என்று தட்டிய பிறகு ஒவ்வொரு லேபிளும் முதல் முறையிலேயே படிக்கப்படுகிறது.

மாதுங்கா தமிழ் வகுப்பு:

தாராவி சகோதரி சொல்வதை நான் முழுவதும் ஏற்கவில்லை. எல்லாவற்றையும் 100 விழுக்காட்டில் அச்சிடுங்கள் என்பது ஆபத்தான அறிவுரை. அமெரிக்காவிலிருக்கும் உறவினர் ஒருவர் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கென்று எழுத்துப் பயிற்சித் தாள்கள் செய்து அனுப்பினார். அங்கே புழங்குவது லெட்டர் தாள். அதன் அகலம் 215.9 மி.மீ., நம் ஏ4 தாளின் அகலமோ 210 மி.மீ. போதாததற்கு, பிரிண்டர் விளிம்பையொட்டிச் சில மில்லிமீட்டர் மை வைக்காது. 100 விழுக்காட்டில் அச்சிட்ட தாளில் வரியோரம் இருந்த 'நிலா' துணைக்காலை இழந்து 'நில' என்று நின்றது. ஏழு வயதுக் குழந்தை அதையே பக்கம் முழுவதும் அழகாகப் பார்த்து எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள். இத்தகைய தாளுக்குச் சுருக்கி அச்சிடுவதே சரி. அளந்து வெட்ட வேண்டியதற்கும் வாசிக்க வேண்டியதற்கும் ஒரே விதியைச் சொல்லாதீர்கள்.

ஆன்டாப் ஹில் வாசி:

என் அனுபவம் சிறியது. ஒரு விண்ணப்பப் படிவத்தில் 35×45 மி.மீ. புகைப்படம் ஒட்டும் கட்டம் 33.6×43.2 ஆக அச்சாகி, படம் நான்கு பக்கமும் கோட்டை மறைத்ததால் கவுன்டரில் வாங்க மறுத்துவிட்டார்கள். வரிசையில் எனக்குப் பின்னாலிருந்த பெரியவர் கையிலும் அதே சுருங்கிய படிவம் இருந்ததைப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். குரோமில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரிலும் 'ஸ்கேல் டு ஃபிட்' என்று தனியாக ஒன்று இருக்கக்கூடும். இரண்டும் சேர்ந்து வேலை செய்தால் 96-இல் 96 விழுக்காடு, அதாவது 92 விழுக்காட்டளவு ஆகி, தாராவி சகோதரியின் 10 செ.மீ. சதுரம் 9.2 ஆகிவிடும். கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குரோமைத் தாண்டிக் கணினியின் சொந்த அச்சுப் பெட்டி திறக்கும். அங்கே போய்ப் பாருங்கள். தாளின் அளவு 'லெட்டர்' என்று இருந்தால், தட்டில் ஏ4 தாளே இருந்தாலும், ஏ4 பக்கத்தை 297 மி.மீ. உயரத்திலிருந்து 279.4-க்குள் அடக்கப் பார்த்து ஏறத்தாழ 94 விழுக்காட்டுக்குக் கொண்டுபோய்விடும். குரோம் கடைசியாகக் கொடுத்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால், ஜெராக்ஸ் கடைகளில் முன்னால் வந்தவரின் தேர்வு உங்கள் கோப்பின்மேல் ஏறிவிடும். பிடிஎஃப் கோப்பைத் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பதற்கும் அச்சின் அளவுக்கும் தொடர்பே இல்லை. கடைகளில் அதைத்தான் முதலில் மாற்றுகிறார்கள். கோப்பைத் தயாரிப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு: பிடிஎஃப் வடிவத்தின் 1.6 பதிப்பு முதல், அச்சு உரையாடல் சுருக்காமல் திறக்கும்படி கோப்புக்குள்ளேயே 'பிரிண்ட் ஸ்கேலிங்: நன்' என்று குறித்துவைக்க வழி இருக்கிறது. படிவம் வெளியிடுபவர்கள் இதைச் செய்தால் பலருடைய அலைச்சல் குறையும்.

தாராவி தையற்கடை:

மாதுங்கா ஆசிரியருக்கு: உங்கள் தாளைப் பற்றிச் சொன்னது நியாயம்தான், ஆனால் பேட்டர்ன் தயாரிப்பவர்கள் ஓரத்தில் தாராளமாக இடம் விட்டே பக்கம் அமைப்பதால் அதில் எதுவும் வெட்டுப்படாது. ஆன்டாப் ஹில் அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும்: எங்கள் தெருவில் பாதிப்பேர் கைபேசியிலிருந்தே நேராக அச்சிடுகிறார்கள், அங்கே இந்த ஸ்கேல் தேர்வு கண்ணிலேயே படவில்லையே?

ஆன்டாப் ஹில் வாசி:

ஆண்ட்ராய்டு அச்சுத் திரையில் தாளின் அளவு, பிரதிகள், வண்ணம் போன்றவை இருக்கும். அளவு விழுக்காட்டுக்குப் பெரும்பாலும் இடமிருக்காது. வெட்டுவதற்கான கோப்பு என்றால் கணினி உள்ள கடைக்கே அனுப்பிவிடுங்கள். சோதனைச் சதுரம் இருக்கும் பக்கத்தை மட்டும் முதலில் எடுத்துத் தரச் சொல்லி அளந்துகொள்ளுங்கள்.