தாடி ஓணானின் தொட்டிக்கு எந்தச் செடி?

நான்: அனைவருக்கும் வணக்கம். நம் வீட்டு பியர்டட் டிராகனுக்கு, அதாவது தாடி ஓணானுக்கு, நான்கடி நீளத்தில் கண்ணாடித் தொட்டி வந்துவிட்டது. பிளாஸ்டிக் செடிகளை எடுத்துவிட்டு உயிர்ச் செடிகளை வைக்க விரும்புகிறேன். ஞாயிறன்று நர்சரிக்குப் போகுமுன் எவற்றை வாங்கலாம் என்று அத்தை சொல்ல வேண்டும்.

சித்தப்பா: நர்சரிக்கு வீண் செலவு எதற்கு? என் மொட்டை மாடியில் திருகுகள்ளி, ரணகள்ளி, அடினியம் மூன்றும் மண்டிக் கிடக்கின்றன. மாலையில் வளசரவாக்கம் வந்து எடுத்துக்கொள்.

அத்தை: தம்பி, அம்மூன்றில் ஒன்றுகூட வேண்டாம். சதைப்பற்றுள்ள செடி எதைக் கண்டாலும் நாம் கள்ளி என்றுவிடுகிறோம்; ஆனால் சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த கேக்டஸ், திருகுகள்ளியோ ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது, அதன் பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. ரணகள்ளி இவ்விரண்டுக்கும் உறவில்லாதது. இதயத்தைத் தாக்கும் நஞ்சு அதில் உண்டு. அடினியத்தின் சாற்றை ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள்.

அம்மா: அண்ணி, ஓணான் பூச்சிதானே தின்கிறது? செடியில் வாய் வைக்குமா?

அத்தை: குட்டியாக இருக்கும்வரை பூச்சிதான் அதிகம். வளர்ந்த பிறகு உணவில் பெரும்பகுதி இலைதழைதான். ஆகவே தொட்டிக்குள் வைப்பது எதுவானாலும் அதன் தட்டில் பரிமாறியதாகவே கொள்ள வேண்டும்.

நான்: சோற்றுக்கற்றாழை வைக்கலாமா, அத்தை?

அத்தை: வேண்டாம், தோலுக்கடியில் வடியும் மஞ்சள் பால் கடும் பேதியை உண்டாக்கும். கற்றாழை போலவே இருக்கும் சிறு செடியான ஹவொர்த்தியா வாங்கு. அதைவிட நல்லது தென்னாப்பிரிக்காவில் யானைகள் மேயும் போர்ச்சுலகேரியா. நர்சரியில் அதையும் கிராசுலாவையும் ஜேட் என்ற ஒரே பெயரில்தான் விற்கிறார்கள், தவறி கிராசுலாவை வாங்கிவிடாதே. தண்டு செம்பழுப்பாகவும் இலை சுண்டுவிரல் நகமளவு சிறியதாகவும் இருந்தால் போர்ச்சுலகேரியா. இலை பெரிதாகவும் தண்டு தடித்தும் இருந்தால் கிராசுலா. ரோஜாப்பூ போல இலை அடுக்கும் எச்செவேரியாவும் நஞ்சில்லாததுதான், ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் எனக்கு ஒன்றுகூடத் தங்கியதில்லை.

நான்: வாங்கியதும் நட்டுவிடலாமா?

அத்தை: கூடாது. நர்சரிச் செடியில் பூச்சிமருந்தும், மண்ணில் முத்து முத்தாக உரமும் இருக்கும். வேரை நன்றாகக் கழுவி, செம்மண்ணும் ஆற்று மணலும் கலந்த வேறு மண்ணில் நட்டு, ஒரு மாதமாவது பால்கனியில் வைத்திரு. பிறகு சட்டியோடு புதைத்துச் சுற்றிலும் கடப்பைக்கல் துண்டுகளை அடுக்கு. இல்லாவிட்டால் ஓணான் ஒரே நாளில் தோண்டிப் போட்டுவிடும். விளக்குக்கு அடியில், அது வெயில் காயும் கல் 40 டிகிரியைத் தொடும் என்பதால், செடிகள் மறுமுனையில்தான் இருக்க வேண்டும். அங்கே வெளிச்சம் போதாமல் தண்டு நீண்டு வெளிறும். எனவே இரண்டு செட் வாங்கி வாரம் ஒரு முறை மாற்றி மாற்றி வை. தண்ணீரை வேரில் மட்டும் விடு, மேலே தெளிக்காதே. சென்னைக் காற்றின் ஈரமே ஓணானுக்கு அதிகம், மூடியும் கம்பி வலையாகவே இருக்கட்டும்.

சித்தப்பா: அக்கா, முள்ளில்லாத சப்பாத்திக்கள்ளியும் என்னிடம் உண்டு, இதுவரை மருந்தே அடித்ததில்லை. அதற்காவது அனுமதி உண்டா?

அத்தை: தாராளமாகக் கொடு. ஆனால் முள்ளில்லை என்று தோன்றினாலும் மடலின் கண்களில், அதாவது முள் முளைக்கும் புள்ளிகளில், நுண்முள் ஒளிந்திருக்கும். பழந்துணியால் ஒவ்வொரு கண்ணையும் தேய்த்துப் பார். துணியில் பழுப்பாக ஏதாவது ஒட்டினால் அந்த மடல் உன் மாடியிலேயே இருக்கட்டும்.