நாவல் மாதத்துக்குத் தயாரானபோது மறக்க முடியாத ஒரு சந்திப்பு, உங்களுக்கு உண்டா?

வேப்பம்பூ:
நானோரைமோ, அதாவது நவம்பர் ஒரே மாதத்தில் 50,000 வார்த்தையில் ஒரு நாவல் எழுதும் சவால், இங்கே யாருக்கும் புதிதில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2023 அக்டோபர், பெங்களூரில் ஒரு காபிக்கடை, நவம்பருக்குத் திட்டம் போட ஏழெட்டுப் பேர் கூடியிருந்தோம். எல்லார் கையிலும் லேப்டாப். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா மட்டும் ஒரு பள்ளிக்கூட நோட்டோடு வந்திருந்தார். என் அத்தியாயச் சுருக்கத்தை முழுசாகப் படித்துவிட்டு, "இந்தப் பொண்ணு வீட்டுல சாவியை எங்கம்மா மாட்டுவாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தன் நோட்டைத் திருப்பிக் காட்டினார். அதில் கதையே இல்லை. ரேஷன் கார்டு எந்த டப்பாவுக்கு அடியில் இருக்கும், மாமனார் துண்டு எந்த ஆணியில் தொங்கும், ராத்திரி கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார், அவருக்குக் குழம்பு மிஞ்சுமா, இப்படியே பக்கம் பக்கமாக. "கதை நவம்பர்ல வந்துரும், வீடு இப்பவே தெரிஞ்சிருக்கணும்" என்றார். அவர் முடித்தாரா என்று தெரியாது, அப்புறம் அவரைப் பார்க்கவே இல்லை. ஆனால் எதை எழுத உட்கார்ந்தாலும் அந்தச் சாவிதான் முதலில் வந்து நிற்கிறது.

கரிசல்காடு:
வேப்பம்பூ, அந்த அம்மா மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் வீட்டை மட்டும் தெரிந்துகொண்டு 50,000 வார்த்தை எழுத முடியாது. என் கல்லூரி ஜூனியர் ஒருவன் தன் ஊரை இஞ்ச் இஞ்சாகத் தெரிந்தவன். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் ராத்திரி போன் பண்ணினான், குரலே உடைந்திருந்தது. "அண்ணே, எல்லாரும் திண்ணையில உக்காந்து பேசிக்கிட்டே இருக்காங்க, ஒருத்தரும் எந்திரிக்க மாட்டேங்கிறாங்க." அவ்வளவுதான், அன்றோடு நிறுத்திவிட்டான். யாருக்கு என்ன வேண்டும், அது கிடைக்காமல் தடுப்பது யார், இந்த இரண்டும் இல்லாமல் நவம்பர் 1 அன்று உட்காராதீர்கள்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நாளுக்கு 1,667 வார்த்தை என்ற கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் காலண்டரைப் பாருங்கள். 2021-ல் தீபாவளி நவம்பர் 4, 2023-ல் 12. பண்டிகைக்கு முன்னும் பின்னும் வீட்டில் யாரும் நம்மை எழுத விடப்போவதில்லை, அந்த நாட்களைப் பூஜ்யம் என்று போட்டுவிட்டு மிச்ச நாட்களுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 'எழுதிக்கொண்டிருந்தவளுக்கு' என்பது நமக்கு ஒரே வார்த்தை, ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அது நாலைந்து. அதே அளவு கதைக்கு நமக்கு வார்த்தை குறைவாகத்தான் விழும், அதனால் நான் 35,000 தான் வைத்துக்கொள்கிறேன். அப்புறம், 2025 மார்ச் கடைசியில் நானோரைமோவை நடத்திவந்த அமைப்பே மூடுவதாக அறிவித்துவிட்டது. இனி கணக்கு வைக்க, தட்டிக்கொடுக்க அங்கே ஆள் இல்லை. மூன்று நான்கு பேராகச் சேர்ந்து, தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு அன்றைய எண்ணிக்கையை வாட்ஸ்அப்பில் போடுவது என்று அக்டோபரிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய குழு வேண்டாம், அதில் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள்.

ஈரச்சுவடு:
35,000 எல்லாம் ஒத்துக்கொள்ள முடியாது கரிசல்காடு. 50,000 என்பது பயமுறுத்த வேண்டும், அதற்குத்தான் அந்த எண். சரி, அதை விடுங்கள்.

1999-ல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் 21 பேர் தொடங்கியபோது நானோரைமோ ஜூலையில் நடந்தது, மறுவருஷம் வானிலை மோசமான மாதம் என்றுதான் நவம்பருக்கு மாற்றினார்கள். வெளியே போக முடியாதவர்கள் உட்கார்ந்து எழுதுவார்கள் என்ற நினைப்பு. சென்னையில் நவம்பர் என்றால் கரண்டே இருக்காது. 2021 மழையில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறியபோது கீழ்வீட்டுப் பையன் மாடிக்கு வந்தான். தோளில் துணிப்பை, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த பால் கவர் ஒன்று. உள்ளே முப்பது துண்டுச் சீட்டுகள், நாளுக்கு ஒன்றாக அக்டோபரிலேயே எழுதி வைத்தது, ஒவ்வொன்றிலும் இரண்டே வரி. லேப்டாப்பில் சார்ஜ் இல்லை. எங்கள் வீட்டு மெழுகுவத்தி வெளிச்சத்தில் அன்றைக்கு உரிய சீட்டைத் தேடி எடுத்து, என் மகளின் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தான். பத்து வரியை எண்ணி, சராசரி பார்த்து, பக்கத்துக்கு இத்தனை என்று ஓரத்தில் குறித்துக்கொண்டான். கீழே அவன் அப்பா மோட்டாரைத் தேடிக்கொண்டிருந்தார். அவன் எழுதுவதைத் திட்டுவதா ரசிப்பதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. திட்டத்தைக் காகிதத்தில் வையுங்கள், அவ்வளவே என் கட்சி.

சாமக்கோழி:
இங்கே யாரும் பேசாத ஒன்று. 2024-ல் செயற்கை நுண்ணறிவை அந்த அமைப்பு கண்டிக்க மறுத்து, அதன் எழுத்தாளர் குழுவிலிருந்து சிலர் விலகினார்களே, அந்த அக்டோபரில் என் அலுவலக நண்பர் மொத்தத் திட்டத்தையும் இயந்திரத்திடம் கேட்டு வாங்கினார். நாற்பது அத்தியாயம், திருப்பங்கள், பெயர்கள், எல்லாம் தயார். நவம்பர் முதல் தேதி மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் அதை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதுல ஒருத்தரையும் எனக்குத் தெரியலை சார்" என்றார். ஒரு வரிகூட எழுதவில்லை. கரிசல்காடு சொல்லும் 'யாருக்கு என்ன வேண்டும்' அதில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் இருந்தது, ஆனால் அவருக்கு அது போதவில்லை. வேப்பம்பூ, அந்த அம்மாவின் நோட்டில் இருந்தவற்றில் இன்னும் ஏதாவது நினைவிருந்தால் போடுங்கள், என் நண்பருக்கு அனுப்பி வைக்கிறேன்.