மறுமொழி: மீன்தொட்டிக்கு எடுத்துவைக்கும் தண்ணீருக்கு ஒரு சொல்

வணக்கம். மீன்தொட்டியில் ஊற்றுவதற்கு முன் தயார்செய்து எடுத்துவைக்கும் தண்ணீருக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற கேள்விக்கு வந்த யோசனைகளைப் பற்றி என் கருத்து இது.

> ‘முதிர்நீர்’ என்றே வைத்துவிடலாமே. ஒருநாள் வைத்திருந்து ஊற்றும் தண்ணீர்தானே?

அந்த ‘ஒருநாள் வைத்திருந்து’ என்பதில்தான் எனக்குச் சிக்கல். குழாய்த் தண்ணீரில் மீனுக்கு ஆகாத குளோரின் மட்டும் இருந்தால், வாளியில் திறந்து வைத்தாலே ஒன்றிரண்டு நாளில் பறந்துவிடும். ஏர் ஸ்டோன் (காற்றைக் குமிழ்களாக விடும் கல்) போட்டுவிட்டால் இன்னும் சீக்கிரம். குளோரமைன் அப்படியில்லை. குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த பொருள் அது. நாலைந்து நாள் வைத்தாலும் லேசில் போகாது.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. இரண்டு நாள் டிரம்மில் கிடந்த குழாய்த் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, செவுள்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. டிரம்மில் முகர்ந்து பார்த்தேன், வாடையே இல்லை. மொத்தக் குளோரின் காட்டும் சோதனைத் தாளை நனைத்ததும் நிறம் மாறியது. முதிர்ந்த தண்ணீர்தான் அது!

மறுபக்கம், சோடியம் தயோசல்பேட் கலந்த திரவம் சில நிமிடங்களிலேயே குளோரினை முறித்துவிடுகிறது. அங்கே எதுவும் முதிரவில்லை. (குளோரமைனை அது உடைக்கும்போது அம்மோனியா மிஞ்சும். அதையும் கட்டுப்படுத்தும் திரவமா என்று பார்த்து வாங்க வேண்டும்.) ஆக, காலத்தை வைத்துப் பெயரிட்டால் ஒருபக்கம் பொய், மறுபக்கம் பொருத்தமில்லை.

> பதப்படுத்திய நீர் என்பதால் ‘பதநீர்’, திரவத்துக்குப் ‘பதனி’.

ஐயா, இரண்டும் எப்போதோ பனைமரம் ஏறிவிட்டன. ‘ஆறிய நீர்’ என்றால் கொதிக்கவைத்து ஆறியது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ‘பக்குவநீர்’ மோசமில்லை; ஆனால் எதற்குப் பக்குவம் என்பது அதில் இல்லை.

உண்மையில் அந்த டிரம்மில் என்ன நடக்கிறது? என் வீட்டு நிலத்தடி நீரில் குளோரின் கிடையாது. ஆனாலும் இரவு முழுக்கக் காற்று விடுகிறேன். இறைத்தவுடன் பார்த்தால் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 6.8, காலையில் 7.6. கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறிவிடுவதால் வரும் மாற்றம் இது. தொட்டியிலும் 7.6-தான். அப்புறம் வெப்பநிலை, ஓரிரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வராமல் பார்த்துக்கொள்கிறேன். ஆர்ஓ தண்ணீர் (உப்பு நீக்கிய தண்ணீர்) பிடிப்பவர்கள் தாது உப்பு சேர்த்துக் கடினத்தன்மையைத் தொட்டிக்கு ஏற்றபடி கொண்டுவருகிறார்கள். எல்லாமே ஒரே வேலைதான்: வெளித் தண்ணீரைத் தொட்டித் தண்ணீரோடு இணங்க வைப்பது.

அதனால் என் பரிந்துரை ‘இணக்கநீர்’. ‘இணக்கு’ என்ற வினை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. செய்யும் வேலை இணக்கல், ஊற்றும் திரவம் இணக்கி, கிடைப்பது இணக்கநீர். “இணக்கி விட்டாச்சா?” என்று வீட்டில் கேட்டாலும் நாக்கு சுளுக்காது. முதிர்நீரை வைத்துக்கொண்டு அந்தத் திரவத்துக்கு என்ன பெயர் வைப்பீர்கள், ‘முதிர்ப்பி’யா?

> சேமிக்கும் பாத்திரத்துக்கும் ஒரு சொல் வேண்டும்.

வேண்டாம். டிரம் டிரம்மாகவே இருக்கட்டும். உணவுப்பொருள் வைக்கத் தகுந்த பிளாஸ்டிக்காக, சோப்புப் படாததாக இருந்தால் சரி. வெயில் படும் இடத்தில் வைத்தால் பாசி பிடிக்கும், மூடாமல் வைத்தால் கொசு முட்டையிடும். மூடியில் காற்றுக்குழாய் நுழைய ஒரு துளை போட்டுக்கொண்டால் போதும். பல நாள் வைப்பதென்றால் பம்பை நிறுத்தாதீர்கள். உள்சுவரில் விரலை வைத்து, வழவழவென்று இருந்தால் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

ஒன்று மட்டும் எனக்கே இடிக்கிறது. ஆவியாகிக் குறைந்த அளவுக்கு மேலே ஊற்றும் தண்ணீர் இருக்கிறதே, அதை இணக்கநீர் என்று சொல்ல முடியாது. ஆவியாகும்போது உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடுவதால், அங்கே உப்புக் குறைந்த தண்ணீர்தான் வேண்டும். தொட்டியோடு இணங்காமல் இருப்பதுதான் அதன் சிறப்பே. குறைந்ததை ஈடுசெய்வதால் ‘ஈட்டுநீர்’ என்று எழுதிப் பார்த்தேன், திருப்தியில்லை. யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?